திங்க்பேட் டி480-க்கு க்ரூஷியல் 16 ஜிபி ரேம்: வாங்கலாமா?

இந்த ரேமின் பெட்டியில் வேகம் 3200 (நொடிக்கு 3200 மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று அச்சிட்டிருக்கும். லெனோவோவின் டி480 லேப்டாப்பில் மாட்டினால் 2400-இல்தான் ஓடும். ரேமில் குறை ஒன்றும் இல்லை. அந்த லேப்டாப்பின் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இந்த டிடிஆர்4 வகை ரேமை 2400 வரைதான் ஏற்கும். க்ரூஷியலின் இந்த 260 பின், 1.2 வோல்ட் ஸ்டிக் தானாகவே அந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்கிறது. 3200-இல் சிஎல் (கேட்ட தரவு வர ஆகும் கடிகாரத் துடிப்புகள்) 22 ஆக இருப்பது 2400-இல் சிஎல் 17 ஆகக் குறைவதால் தாமதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

இப்படிச் சொன்ன பேச்சு கேட்பதுதான் இந்த ரேமின் பலம். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சிறு சிப் இருக்கிறது. தான் எந்தெந்த வேகத்தில், எந்த டைமிங்கில் ஓடும் என்று அதுதான் பயாஸுக்கு (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு) சொல்கிறது. சில கேமிங் ரேம்களில் பெரிய எண் எக்ஸ்எம்பி என்ற, பயாஸில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டிய கூடுதல் வேகப் பட்டியலில் மட்டும் இருக்கும். பெரும்பாலான ஆபீஸ் லேப்டாப் பயாஸ்களில் எக்ஸ்எம்பியைத் தேர்ந்தெடுக்க இடமே கிடையாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் ஸ்டிக்கர் மட்டும்தான் மிச்சம். லேப்டாப்பை மூடியபிறகு அதுவும் தெரியாது.

எவ்வளவு வாங்குவது? டி480-இல் இரண்டு ஸ்லாட் உண்டு. லெனோவோ குறிப்பிடும் உச்சவரம்பு 32 ஜிபி. ஒற்றை 16-ஐவிட இரண்டு 8 மேல். 2400-இல் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) தருவது நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 38.4. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மாடலில் திரைக்கான மெமரியும் இதிலிருந்தே போவதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏற்கெனவே உள்ள 8-உடன் 16 சேர்த்தாலும் ஓடும்: முதல் 16 ஜிபி டூயல் சேனலில், மீதி 8 சிங்கிளில். நிறைய டேப் திறந்து வேலை செய்பவருக்கு அது போதும். டி490 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், ஸ்லாட் ஒன்றுதான்.

மாட்டும்போது பேட்டரியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வெளியே தெரியும் பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இன்னொன்று இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய், கான்ஃபிக், பவர், டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் தானே அணைந்துவிடும். பிறகு வெளி பேட்டரியை எடுத்து, ஆறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய ஏடிஎம் கார்டால் அடிமூடியை நெம்பலாம். ஸ்டிக்கைச் சாய்வாக முழுசாகச் சொருகி, இரு பக்கக் கிளிப்பும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்த வேண்டும். தங்கநிறப் பின்கள் பளிச்சென்று வெளியே தெரிந்தால் சரியாக இறங்கவில்லை. பின்னைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் ஊர் மெக்கானிக்குகளிடம் இன்னும் போகவில்லை. முலாம் தேயும், துகள் ஸ்லாட்டில் சிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

மூடியபின் சார்ஜரைச் செருகினால்தான் உள் பேட்டரி மறுபடி உயிர்பெறும். முதல் முறை திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கலாம்; புது ரேமுக்கு டைமிங் பழகுகிறது. பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சிபியு-இசட் என்ற, வன்பொருள் விவரம் காட்டும் மென்பொருளில் 1200 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினாலும் கவலை வேண்டாம்: டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் அதன் இரட்டிப்பே 2400. விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த மறுத்தால் அது 32-பிட்டா என்று பாருங்கள்.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் ரேம் நல்லது என்று ஆகிவிடாது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றையும் இரவோடு இரவாக முடித்துவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஜோடியை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, இரு ஸ்லாட்டிலும் மாற்றிப்போட்டுப் பாருங்கள்: பிழை ஸ்டிக்கோடு போனால் ரேம், ஸ்லாட்டோடு நின்றால் போர்டு. நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறுவேறு காரணம் சொன்னால் முதல் சந்தேகம் ரேம்மீதுதான்.

வாங்கும் இடத்தில்தான் இப்போது சிக்கல். க்ரூஷியலின் தாய் நிறுவனமான மைக்ரான், ஏஐ டேட்டா சென்டர் தேவையைக் காரணம் காட்டி நுகர்வோர் வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அனுப்புதல் 2026 பிப்ரவரி வரை, வாரண்டி சேவை தொடரும் என்றது. ஆகவே பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குவது அவசியம். விலை எட்டாத உயரத்தில் இருந்தால், லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் 2400 அல்லது 2666 ஸ்டிக் மோசமில்லை. பிழை வந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாக மட்டும் இருக்கட்டும்.