கோ-ஆப் வீடு வாங்குகிறீர்களா? வக்கீல் எந்த மினிட்ஸைப் படித்தார் என்று கேளுங்கள்

நியூயார்க்கில் கோ-ஆப் வாங்கப் போகிறவர்கள், அதிலும் ஜாக்சன் ஹைட்ஸ் மாதிரி 1920களில் கட்டிய பழைய கட்டடத்தில் வாங்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் அங்கே வாங்கிய வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயரமான கூரை, ஓக் மரத் தரை, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத தோட்டம் நடுவில். சுவரில் ஆணி அடிக்கவே அரை நாள் ஆகும். ஹீட்டிங், தண்ணீர், சொத்து வரி எல்லாம் மாத மெயின்டெனன்ஸில் அடக்கம். "அசெஸ்மென்ட் எதுவும் நிறைவேறவில்லை" என்று புரோக்கர் மூன்று தடவை சொன்னார். பெரிய செலவு வந்தால் பங்குக்கு இவ்வளவு என்று எல்லோரிடமும் வசூலிப்பதுதான் அசெஸ்மென்ட்.

ஊரிலிருந்து அப்பா போனில் கேட்டார்: "பத்திரம் பதிஞ்சாச்சா? வில்லங்கம் போட்டுப் பாத்தியா?" கோ-ஆப் வீட்டுக்குப் பத்திரமே கிடையாது என்றேன். நாம் வாங்குவது கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை. அதற்காக வீடு நமக்குக் குத்தகையாகக் கிடைக்கிறது. எனக்கு 410 பங்குகள். "பங்கா? அப்ப வீடு?" என்றார். அவர் பயந்தது சரிதான்.

நாலாவது மாதம் கதவடியில் ஒரு கடிதம். கட்டடம் முழுக்கச் சூடேற்றும் பாய்லரை மாற்றுகிறார்கள், பங்குக்கு 38 டாலர். எனக்கு 15,580 டாலர், பத்துத் தவணை. நகரத்தில் நான்காம் எண் எண்ணெய் என்கிற கனமான ஹீட்டிங் எண்ணெயை 2027 ஜூலைக்கு மேல் எரிக்கக் கூடாது; எங்கள் பாய்லர் அதில்தான் ஓடுகிறது.

இது திடீரென்று முளைத்ததா என்று, கட்டட நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்புகள், கேட்டேன். பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவான போர்டு ஒன்றரை வருடமாக இதைத்தான் பேசியிருக்கிறது! மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். நாங்கள் வாங்குவதற்கு முந்தைய கூட்டத்தில், "வாக்கெடுப்பு அடுத்த முறை" என்று எழுதியிருக்கிறது. புரோக்கர் பொய் சொல்லவில்லை, அப்போது நிறைவேறவில்லைதான்.

எங்கள் வக்கீல் மினிட்ஸ் படித்ததாகச் சொன்னாரே? படித்தது ஆண்டுப் பொதுக்கூட்டத்தினுடையது. அதில் போர்டு தேர்தலும் நன்றி சொல்வதும் தவிர என்ன இருக்கும்? வில்லங்கம் மாதாந்தர போர்டு கூட்டக் குறிப்பில் கிடந்தது. அந்த வக்கீல் புரோக்கரே கைகாட்டிய ஆள், கட்டணம் குறைவு என்று நானும் தலையாட்டினேன். போர்டு மட்டும் எங்கள் இரண்டு வருட வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, நற்சான்றுக் கடிதம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு நேர்காணலும் நடத்தியது. நாங்கள் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே இரண்டு வருட போர்டு மினிட்ஸைப் படிக்கச் சொல்லுங்கள்; என்ன பார்த்தார் என்று எழுத்தில் வாங்குங்கள். பாய்லர் எதில் ஓடுகிறது என்றும் கேளுங்கள்.

நேற்று ஐந்தாவது தவணை கட்டினேன். புது பாய்லர் இன்னும் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய ரேடியேட்டர் சுத்தியலால் அடிக்கிற மாதிரி டங் டங் என்று எழுப்பிவிடுகிறது.