மெஸ் வடிகஞ்சியில் எரியும் அடுப்பு: 2018 முதல் ஒரு பயோகேஸ் டேங்க்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 1 கன மீட்டர் பயோகேஸ் டேங்க் வைத்தது 2018-இல். மிதக்கும் டிரம் வகை, கறுப்பு பிளாஸ்டிக்: உள்ளே கழிவு புளித்துக் கேஸ் சேரச் சேர மேலே கவிழ்த்த டிரம் எழும்பும். இன்னும் ஓடுகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் தினமும் சோறு மிஞ்சுமா?

விற்கிறவர்கள் காய்கறித் தோலைக் காட்டித்தான் விற்கிறார்கள். விளம்பரப் படத்தில் முட்டைகோஸ் இலையும் கேரட் தோலும் டேங்குக்குள் விழும், அடுத்த படத்தில் அடுப்பு நீலமாக எரியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்குக் காய்கறிக் கழிவு ஒரு கிலோ தேறினாலே பெரிது. அதில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தில் நிறைய நார். நார் கரைய நாளாகும். ஆனால் வடிகஞ்சி, பழைய சோறு, புளித்துப்போன இட்லி மாவு, கிரைண்டர் கழுவிய தண்ணீர் இதெல்லாம் காலையில் ஊற்றினால் மறுநாள் காலை டிரம் மேலே ஏறி நிற்கும். சாணத்திலிருந்து 1 கன மீட்டர் கேஸ் எடுக்கச் சுமார் 25 கிலோ சாணம் கரைக்க வேண்டும். சத்தை மாடு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே நமக்குத் தருகிறது! புனேயில் ஆனந்த் கர்வே இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் மாவுச்சத்துக் கழிவில் ஓடும் சிறிய டேங்கை உருவாக்கினார். அவருடைய ஆர்ட்டி அமைப்புக்கு 2006-இல் தூய எரிசக்திக்கான ஆஷ்டன் விருது கிடைத்தது.

இதில் ஒரு சிக்கல். சோற்றை வீணாக்காத வீட்டில் கேஸ் வராது. எங்கள் அம்மா ஒரு பருக்கையை விடமாட்டார். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும். டேங்க் பட்டினி கிடந்தது. தெருமுனையில் மெஸ் வைத்திருக்கும் அக்கா புண்ணியத்தில்தான் அது பிழைத்தது. பெரிய குண்டானில் சோறு வடிக்கிற மெஸ். முன்பு கஞ்சி சாக்கடைக்குப் போகும். இப்போது மதியம் ஒரு வாளி எங்களுக்கு. சூடு நன்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். "ஏங் கண்ணு, உங்க டேங்கு இன்னைக்கு சாப்டுச்சா?" என்பதுதான் அக்கா என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி. சரியான கேள்வி. டேங்க் மாட்டு வயிறு மாதிரி. வேளைக்குப் போட வேண்டும், ஒரே நாளில் திணிக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் ஊருக்குப் போனால் சுணங்கிவிடும்.

மாவுத் தண்ணீரில் கேஸ் வரும் என்பது சேலத்துக்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஆத்தூர் பக்கம் சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், வேலை பார்க்கும் என் மச்சான், என் டேங்கைப் பார்த்துச் சிரித்தார். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) கழுவி, தோல் எடுத்து, அரைத்து, சலித்து, அந்த மாவுப் பாலைத் தொட்டியில் தெளிய விடுவார்கள். மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் வெளியே போகும். சலித்ததில் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் விலை போய்விடும். அந்தத் தண்ணீரைத்தான் யாரும் சீண்டமாட்டார்கள். கரைந்த மாவுச்சத்து அதில் நிறைய. ஓடையில் விட்டால் புளித்து நாறும். சீசன் நேரத்தில் அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் போனவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இப்போது பல மில்களில் அதைக் காற்றுப் புகாத தொட்டியில், அல்லது ஷீட் போட்டு மூடிய குளத்தில் தேக்கி கேஸ் எடுக்கிறார்கள். அதில் ஜெனரேட்டர் ஓடுகிறது, சில இடங்களில் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பும் எரிகிறது. "தண்ணியச் சுத்தம் பண்ணணும்னு ஆரம்பிச்சாங்க மாப்ள, இப்ப கரண்ட் பில்லுக்காக ஓட்டறாங்க" என்றார் மச்சான். 1981-இல் வந்த ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் பேசுவோம், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பற்றிப் பேசுவோம். இந்தக் கழிவுத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஊரில் யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். தொடக்கத்தில் சாணக் கரைசல் ஊற்றி இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முதலில் சேரும் கேஸைப் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். அதில் காற்று கலந்திருக்கும், ஆபத்து. அப்புறம் அடுப்பு. சாதாரண சிலிண்டர் அடுப்பில் இது எரியாது, கேஸ் வரும் ஜெட் துளை பெரிதாக இருக்கிற தனி பர்னர் வேண்டும். தீ நிதானமானது. பருப்பு வேகவைக்க, வெந்நீர் போட, பால் காய்ச்ச அருமை. தோசைக்கல்லுக்கு அம்மா இன்னும் சிலிண்டரைத்தான் நம்புகிறார். 1 கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்கு, அதாவது சிலிண்டர் கேஸுக்குச் சமம். எங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக அதில் பாதிதான் கிடைக்கிறது. ஒரு மாதம் வந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது இரண்டு மாதத்தை நெருங்குகிறது. சிலிண்டரே தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மே, ஜூன் தனிக்கதை. மாம்பழ சீசனில் சேலத்தில் எந்த வீட்டில் தோல் குவியாது? மல்கோவா, இமாம்பசந்த், குண்டு என்று கூடை கூடையாக வரும். இனிப்புதானே, கேஸ் பொங்கும் என்று தோன்றும். பொங்கவும் செய்யும். டிரம் ஏறி நிற்கும், ஆனால் தீக்குச்சி வைத்தால் பற்றாது. சர்க்கரை வேகமாக அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலத்தை எரியும் வாயுவான மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவானவை, அமிலம் கூடினால் வேலையை நிறுத்திவிடும். டிரம்மில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மீன் தொட்டிக் கடையில் அமிலத்தன்மை பார்க்கும் பிஎச் பேப்பர் கிடைக்கும், வாங்கி வையுங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 6.5-க்குக் கீழே போனால் தீனியை நிறுத்தி, சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் ஊற்றினால் சில நாளில் தேறும். மாங்கொட்டை எப்போதுமே கூடாது. எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, சோப்புத் தண்ணீர், பினாயில் இதெல்லாமும்.

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் இருப்பது வேறு ரகம்: மண்ணுக்குள் செங்கல் வைத்துக் கட்டிய தீனபந்து. 1984-இல் வந்த வடிவம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் என்னுடையது போன்ற பிளாஸ்டிக் டேங்க் மார்கழியில் விறைத்துவிடும். மண்ணுக்குள் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. அப்படியும் குளிர்காலத்தில் கேஸ் நன்றாகவே குறையும். காப்பிப் பழம் உரித்த தோலை அவர் சாணத்தோடு கொஞ்சமாகக் கலக்கிறார். தோலை மட்டும் போட்டால் மாம்பழக் கதைதான்.

பராமரிப்பில் என் பெரிய புகார் கொசு. டிரம்முக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மழைக்காலத்தில் முட்டையிடும். வேப்பெண்ணெய் விடுகிறோம், பாதி பலன். குழாயில் நீராவி படிந்து தண்ணீர் அடைத்தால் தீ துள்ளும். குழாய் தாழ்கிற இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு வால்வு கேளுங்கள். எங்களுக்கு அதை வைக்காமலேயே போய்விட்டார்கள், கூப்பிட்டால் அப்புறம் போனும் எடுக்கவில்லை. பக்கத்து பிளம்பர்தான் வைத்துக் கொடுத்தார். சேலத்து வெயிலுக்கு ரப்பர் ஹோஸ் வெடிக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டேங்கிலிருந்து வெளியே வரும் கரைசல், அதாவது ஸ்லரி, நல்ல உரம். தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். கறிவேப்பிலை மரம் மொட்டை மாடியை எட்டிவிட்டது.

கரண்ட் எடுக்கலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். சின்ன ஜெனரேட்டரில் 1 கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் வந்தால் அதிகம். மில் அளவுக்குக் கட்டுப்படியாகும், வீட்டுக்கு அடுப்புதான்.

மெஸ் அக்கா இப்போது தன் இடத்திலேயே 4 கன மீட்டரில் ஒன்று போட அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டுத்தான் செய்கிறார், நானும் போடச் சொல்லிவிட்டேன். போட்டுவிட்டால் எனக்குக் கஞ்சி கிடையாது. அஸ்தம்பட்டிப் பக்கம் வடிகஞ்சியைக் கொட்டுகிற மெஸ் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.