பிராகில் காசு மாற்றும் கடை: ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்குப் போகிறவர்கள் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் யூரோவை மாற்ற வேண்டாம். அங்கே புழங்குவது கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 24, 25 கொருனா கிடைக்க வேண்டும்.

கட்டடக் கலைஞர் கோச்சார் 1912-இல் கட்டிய, கோண வடிவங்களால் ஆன கியூபிசப் பாணிக் கட்டடமான கறுப்பு மாதா இல்லத்தைப் பார்த்துவிட்டு, டிராம் டிக்கெட்டுக்குச் சில்லறை வேண்டுமே என்று என் மனைவியும் நானும் ஒரு கடையில் நுழைந்தோம். பலகையில் ‘கமிஷன் 0’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெரிதாகத் தெரிந்த விலையோ அவர்கள் யூரோவை விற்கும் விலை. வாங்கும் விலை ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 200 யூரோ கொடுத்தோம், கைக்கு வந்தது 3,400 கொருனா. மூன்றில் ஒரு பங்கு போல அங்கேயே போய்விட்டது! இது வியாபாரமே இல்லை, பகல் கொள்ளை.

2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ வரை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடனே திரும்பிப் போய்க் கேட்டோம். கவுண்டரில் இருந்த பெண் முதலில் ஆங்கிலம் புரியாதவர் போல இருந்தார். அப்புறம் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்குப் போனால் கெடு முடிந்திருக்கும், அது அவருக்கும் தெரியும். மனைவி ரசீதைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டி, 158-க்கு, அதாவது போலீசுக்கு, போன் செய்யப்போவதாகச் சொன்ன பிறகுதான் யூரோ திரும்பி வந்தது. கோட்டைக்கு ஏறும் 22-ஆம் எண் டிராமுக்கு ஒதுக்கிய பிற்பகல் இந்த வாக்குவாதத்திலேயே கழிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உண்மையில் சில்லறையே தேவைப்படவில்லை. டிராமுக்குள் இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டால் டிக்கெட் வந்துவிடுகிறது. தாள் டிக்கெட் வாங்கினால் மட்டும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். மெட்ரோவில் ஏ தடத்தில் போங்கள். ஸ்தாரோமெஸ்த்ஸ்கா நிலையச் சுவரில் குமிழ் குமிழாகப் பதித்த வண்ண அலுமினியத் தகடுகளைப் பார்க்க வேண்டும்.

பணம் கட்டாயம் வேண்டுமென்றால் வங்கி ஏடிஎம்மில் எடுங்கள். யூரோவிலா கொருனாவிலா என்று திரை கேட்டால் கொருனாவையே அழுத்துங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கிக்கு ரசீதோடு புகார் அனுப்புங்கள்.