நியூ ஜெர்சியில் வீட்டை நீட்ட: வேரியன்ஸ் கேட்பதா, வரைபடத்தைச் சுருக்குவதா?

பின்பக்கம் ஓர் அறை இழுக்க ஆசை. செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே காலி இடம், 30 அடி விடச் சொல்கிறார்கள், கட்டினால் மிஞ்சுவது 26 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 4 அடியை விட்டுக்கொடுத்தால் ஜோனிங் (நிலப் பயன்பாட்டு விதி) ஒப்புதல், பில்டிங் பெர்மிட், அவ்வளவுதான். அறை கொஞ்சம் குறுகும், சரி.

வேரியன்ஸ், அதாவது அந்த விதியிலிருந்து விலக்கு, கேட்பதென்றால் ஊரறிய நடக்கும் காரியம். 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லாருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே நோட்டீஸ் போகவேண்டும்; பொது அறிவிப்பும் வெளியாகவேண்டும். அப்புறம் விலக்கு தருவதா என்று முடிவுசெய்யும் ஊர் போர்டு முன் சாட்சியம். "அம்மா ஊரிலிருந்து வருகிறார், இடம் போதவில்லை" என்று சொன்னால் மனம் இரங்குவார்கள், ஓட்டு விழாது. சட்டம் கேட்கும் கஷ்டம் மனையுடையது: குறுகல், சரிவு, கோணல். அது இல்லையென்றால், பாதகத்தைவிட நன்மை கணிசமாக அதிகம் என்று காட்டவேண்டும். தளப்பரப்பு விகிதமும் (மனைப் பரப்போடு ஒப்பிட்ட வீட்டின் மொத்தத் தளப்பரப்பு) மீறினால் 7 பேர் போர்டில் 5 ஓட்டு தேவை. இருவர் வராவிட்டாலும் அதே 5தான்.

கோணல் மனையென்றால் நான் கேட்டுப் பார்ப்பேன். சதுரமான மனையில் 4 அடிக்காக வக்கீல் செலவு வேண்டாம். கேட்பதானால், நோட்டீஸ் போகும் முன்பே பின்வீட்டுக்காரரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.