கூலிக்குப் பிண்ணாக்கு: எங்கள் ஊர் மரச்செக்கு

தாராபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப்பட்டத்தில் விதைத்து ஐப்பசிக் கடைசியில் பிடுங்கிய கடலையில் விதைக்கும் விற்பனைக்கும் போக 30 கிலோ காய் வீட்டுக்கென்று நின்றது. உடைத்ததில் பருப்பு 21 கிலோ. சொத்தையும் சுருங்கலும் பொறுக்கிய பிறகு 20 கிலோவோடு செக்குக்குப் போனேன்.

இந்தச் செக்குக்கு நான் போவது இது மூன்றாவது வருடம். வாகை மர உரல், மோட்டாரில் மெதுவாகச் சுற்றும் உலக்கை. கையில் காசில்லாத மாதத்திலும் இங்கே எண்ணெய் ஆட்டலாம். கூலியைப் பணமாகவும் கொடுக்கலாம், பிண்ணாக்காகவும் விடலாம்.

பருப்பைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார் செக்குக்காரர். தோல் உரியவில்லை. “அக்கா, இன்னும் ஒரு வெயில் போட்டு எடுத்து வாருங்கள். ஈரத்தோடு ஆட்டினால் எண்ணெய் குறையும், சீக்கிரம் சிக்கும் அடிக்கும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஈரப் பருப்பையே ஆட்டிக் கூலியை எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன தடை? அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வேறு இடம் தேடுவதில்லை.

மறுநாள் ஆட்டியதில் 8 லிட்டர் வந்தது. எடையில் 7 கிலோ 300 கிராம். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஒரு கிலோ இருக்காது, ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். கிலோவா லிட்டரா என்று கேட்காமல் கணக்குப் பேசினால் ஏமாற்றம் நமக்குத்தான்.

பிண்ணாக்கு 12 கிலோ. முதல் வருடம் அத்தனையையும் கூலிக்கென்று விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், கிலோவுக்கு 20 ரூபாய் கூலி என்றால் 400 ரூபாய். பிண்ணாக்கோ கிலோ 50 ரூபாய் விலையில் 600 ரூபாய். இரண்டாம் வருடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. “உங்களுக்கு மாடு இல்லையே என்று நினைத்தேன் அக்கா” என்றார். அன்றிலிருந்து கூலிக்கு 8 கிலோ, மீதம் 4 கிலோ எனக்கு. அந்த 4 கிலோ பக்கத்து வீட்டு எருமைக்குப் போகிறது. மரச்செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் பிடிப்பு நிற்பதால் எருமை விரும்பித் தின்கிறது. அந்த வீட்டு அத்தை எனக்கு வாரம் இருமுறை தயிர் தருகிறார். இந்த மாற்றில் பணம் எங்குமே குறுக்கே வரவில்லை.

செக்கில் இன்னொரு வழியும் உண்டு. இரண்டே முக்கால் கிலோ பருப்பைக் கொடுத்தால் ஒரு லிட்டர் எண்ணெயைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். அவசரக்காரர்களுக்கு அது உதவும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. முன்பு வேறொரு செக்கில் அப்படி வாங்கிய எண்ணெய் பத்தே நாளில் காறல் அடித்தது. யார் கடலையோ, எப்போது ஆட்டியதோ. என் கடலை என் கண் முன்னால் எண்ணெயாவதைப் பார்க்க ஒரு மணி நேரம் நிற்பது எனக்குப் பெரிதில்லை.

இங்கே குறையும் இருக்கிறது. நாம் கேட்டால்தான் பிண்ணாக்கை நம் முன்னால் எடை போடுகிறார்கள். முன்னவர் ஆட்டிய மிச்சம் உரலின் அடியில் ஒட்டியிருக்கும்; அதைச் சுரண்டிய பிறகே நம் பருப்பைக் கொட்டச் சொல்ல வேண்டும். எதையும் எழுதித் தருவதில்லை. நிற்க நிழலும் போதாது, வயதானவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டால் புண்ணியமாகப் போகும்.

போகிறவர்கள் எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்கள். எண்ணெய் கலங்கலாகத்தான் வரும். தூக்கின் வாயைத் துணியால் கட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் படியும். எனக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கசடு நின்றது.

மாசியில் எள் கொண்டு போகப் போகிறேன். எள்ளுப் பிண்ணாக்குக்குக் கணக்கு வேறு என்று செக்குக்காரர் சொல்லியிருக்கிறார். எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்ட வேண்டும். அது யார் வீட்டுக் கருப்பட்டி என்பதை இந்த முறை முதலிலேயே பேசிவிடுவேன்.