ஒரு சோதனை போதுமா, இரண்டு வேண்டுமா? டர்பனிலிருந்து ஓர் அலசல்

கொரோனா வந்துபோனதா என்று ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பார்த்துச் சொல்லும் சோதனைகளில் பிழையைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. பாசிட்டிவ் என்று சொல்லும் வரம்பை உயர்த்தலாம். முதல் சோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களை வேறு வகைச் சோதனையால் மறுபடி பார்க்கலாம். ரத்தம் எடுக்கும் நாளைத் தள்ளிப்போடலாம். இதில் எது நல்லது என்பதை, கிட்டின் தரத்தைவிட, ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்துபோனது என்பதே தீர்மானிக்கிறது.

நோய் வந்தவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், வராதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விலக்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டும் நோய் வந்த ஊரில் 1,000 பேரைப் பரிசோதித்தால், உண்மையான பாசிட்டிவ் 45, பொய்யான பாசிட்டிவ் சுமார் 48. பாதிக்கு மேல் பொய்! அதே திறனுள்ள இரண்டாவது சோதனையிலும் தேறியவர்களை மட்டும் எண்ணினால் பொய் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். உண்மையான பாசிட்டிவ்களில் நாலைந்து பேர்தான் நழுவுவார்கள். இங்கே இரட்டைச் சோதனையே சிறந்த வழி.

இப்போது டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு வருவோம். இரண்டாம் அலையின்போது, 2021 ஜனவரியில், தென்னாப்பிரிக்க தேசிய ரத்த சேவை நன்கொடையாளர்களின் ரத்தத்தைச் சோதித்தது. நம் மாகாணத்தில் சுமார் 52 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. கிழக்கு கேப் மாகாணத்தில் 63, வடக்கு கேப் மாகாணத்தில் 32. பாதிப் பேருக்கு வந்துபோன இடத்தில் முன்சொன்ன சோதனையை ஒருமுறை செய்தாலே பாசிட்டிவ்களில் 95 சதவீதம் உண்மை. இரண்டாவது சோதனையும் வைத்தால், 1,000 பேரில் 23 பொய்களை நீக்குவதற்காக 47 உண்மைகளைக் கூடுதலாக இழப்போம். சம்மதிக்கக் கூடிய பேரமே இல்லை. நெகட்டிவ் முடிவுதான் இங்கே நம்பத் தகாதது: பத்தில் ஒன்று தவறு.

வரம்பை உயர்த்துவது செலவில்லாத வழி என்பதால் பலருக்கும் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. லேசாக வந்துபோனவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே இருக்கும். முதலில் விடுபடுவது அவர்கள்தான்.

நாளைத் தள்ளிப்போடுவதன் பலன் பெரிது. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020 தொகுப்பின்படி, அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் இச்சோதனைகள் சுமார் 30 சதவீதம் பேரையே பிடித்தன. இரண்டாம் வாரம் 72, மூன்றாம் வாரம் 91. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டப முகாமில், விரலில் குத்திப் பார்க்கும் அட்டையை நர்ஸ் டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் ‘சி’ கோடு பளிச்சென்று இருந்தது. தொற்று வந்ததும் முதலில் தோன்றும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைக் காட்டும் ‘எம்’ கோடு இருக்கிறதோ இல்லையோ என்ற நிலை. ஆயா ஒருவர் எட்டிப் பார்த்து, “எனக்கு இனிமே வராதுதானே, கண்ணு?” என்று கேட்டார். காய்ச்சல் விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கோட்டை வைத்து ‘ஆம்’ என்றும் சொல்ல முடியாது, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ஐஜிஎம் கோடு வேறு காரணங்களாலும் தெரியும். பார்க்கும் கண்ணுக்குக் கண் மாறும். முகக்கவசத்தைக் கழற்றலாமா என்று முடிவெடுக்க இது உதவாது. மூன்று வாரம் கழித்து நரம்பில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவதுதான் சரி.

இரட்டைச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டும் ஒரே மாதிரி தவறக் கூடாது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ஓசி43 போன்ற கொரோனா வைரஸ்களால் வந்த எதிர்ப்பொருள் ஒரு சோதனையை ஏமாற்றினால், அதே புரதத்தைத் தேடும் இன்னொன்றையும் ஏமாற்றலாம். அதனால்தான் ஒன்று வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கான எதிர்ப்பொருளையும், மற்றது வெளியே முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் தேட வேண்டும் என்றார்கள்.

தடுப்பூசி வந்ததும் அந்த ஜோடி உடைந்தது. 2021 பிப்ரவரியில் சிசோன்கே திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போட்ட ஜான்சன் ஊசியும், பிறகு வந்த ஃபைசரும் ஸ்பைக்கை மட்டுமே உடலுக்குக் காட்டுகின்றன. ஊசி போட்டவரிடம் ஸ்பைக் சோதனை பெரும்பாலும் பாசிட்டிவ் ஆகும். தொற்று வந்ததா என்று அது சொல்லாது. அவருக்கு நியூக்ளியோகாப்சிட் சோதனைதான் கேட்க வேண்டும். அதிலும் ஐஜிஜி என்ற ஒரு வகை எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சில சோதனைகள் மாதங்கள் செல்லச் செல்ல நெகட்டிவாக மாறிவிடுகின்றன. எல்லா வகை எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பிடிப்பவை அதிக காலம் தாங்குகின்றன. லேபில் பணம் கட்டுமுன் இரண்டையும் கேளுங்கள்: எந்தப் புரதம், எந்த வகை எதிர்ப்பொருள்.