சுவிட்ச் மாற்றிய பிறகு "ரூட்டரும் போச்சு" என்றால் உடனே நம்பாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் சிறிய மாங்கூழ் யூனிட் நடத்துகிறேன். போன சீசனில், ஜூன் மாதம், ஒரு இடிமழையில் ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்ச் கருகிவிட்டது. எடைமேடை, பில்லிங், கேமரா மூன்றையும் தனித்தனிப் பிரிவாகப் பிரித்து ரூட்டரோடு இணைக்கும் லேயர் 3 சுவிட்ச் அது. டவுனில் ஒரு கடைக்காரர் வந்து, அதே ஐபி முகவரி கொடுத்துப் புது சுவிட்ச் போட்டார். அதுவரை குறையில்லை.

ஆனால் நெட் வரவில்லை. ரூட்டரை இரண்டு முறை நிறுத்திப் போட்டுப் பார்த்தவர், "சார், இடியில ரூட்டரும் அடி வாங்கியிருக்கு" என்றார். கேட்டில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கூழ் டின் ஏற்றிய லாரி இ-வே பில்லுக்காகக் காத்திருக்கிறது. செல்போன் நெட்டில் இரண்டு பில் போட்டுச் சமாளித்தோம். அந்த அவசரத்தில் 14,500 ரூபாய் கொடுத்துப் புது ரூட்டர் வாங்கினேன். மாட்டியதும் நெட் வந்தது, அதனால் அவர் சொன்னது உண்மை என்றே நினைத்தேன். பழைய ரூட்டரை 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை.

ஓசூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அக்கா மகன் ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது பழைய ரூட்டரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். "மாமா, இதுக்கு ஒண்ணுமே ஆகல."

ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே தரப்படும் தனி எண்) என்று ரூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஏஆர்பி என்பார்கள், 1982 முதல் உள்ள முறை. தானாகச் சேர்ந்த பதிவு கொஞ்ச நேரத்தில் காலாவதியாகும் (சிஸ்கோ ரூட்டரில் வழக்கமாக 4 மணி நேரம்), ரூட்டரை அணைத்துப் போட்டாலும் போய்விடும். எங்கள் ரூட்டரிலோ, முன்பு அமைத்தவர் பாதுகாப்புக்காகச் சுவிட்சின் மேக் முகவரியைக் கையால் எழுதி 'பைண்டிங்' செய்திருந்தார். அது எத்தனை முறை அணைத்தாலும் போகாது. திரும்பி வரும் தகவலையெல்லாம் ரூட்டர் கருகிப்போன சுவிட்சின் பெயருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய சுவிட்சின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் பட்டியலில் இருந்த எண்ணும் அப்படியே பொருந்தின. புது ரூட்டரில் அந்தப் பதிவே கிடையாது, அதனால்தான் வேலை செய்தது. பழைய ரூட்டரில் அந்தப் பதிவை நீக்கியிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை இது!

அன்று கடைக்காரருடைய லேப்டாப்பை நேராக ரூட்டரில் செருகியபோது நெட் வந்ததை நானே பார்த்தேன். ரூட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், முதலில் ரூட்டரின் ஏஆர்பி பட்டியலையும் பைண்டிங் பட்டியலையும் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண சின்ன சுவிட்சை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது, அது தன் முகவரியை நடுவில் நுழைக்காது. லேயர் 3 சுவிட்ச் என்றால்தான் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன். "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்று வைத்துவிட்டார்கள். பைண்டிங்கை நீக்கிய பழைய ரூட்டர்தான் இப்போது எங்கள் ஆபீஸில் ஓடுகிறது.